வார்டு ஃப்ரிட்ஜில் வீணான ரத்தம்

போன மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஹீமோகுளோபின் 7.6தான் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு யூனிட் சிவப்பணு, அதாவது ‘பேக்டு செல்’, ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு பி நெகட்டிவ். சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி கிடையாது, வெளியே போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

முதல் நடை வீண். படிவத்தில் அம்மாவின் இனிஷியல் இருந்தது, ரத்த மாதிரிக் குழாயில் இல்லை. ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது கோபம் வந்தாலும், ஆள் மாறி ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து, அவர்கள் செய்தது சரிதான். கிளம்பும் முன் படிவத்தையும் குழாயையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மறுபடி போனேன், கிராஸ் மேட்ச், அதாவது அம்மாவின் ரத்தத்தோடு பை ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை, முடிந்தது. “ரெண்டையும் சேர்த்தே வாங்கிட்டு வந்துடுங்க” என்று வார்டில் சொல்லியிருந்ததால் இரண்டு பைகளையும் வாங்கி வந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு பை மாலையில் ஏறி முடிந்தது. வயதானவர், அடுத்தது காலையில் போதும் என்றார் டாக்டர். மீதிப் பையை வார்டு ஃப்ரிட்ஜில், இன்சுலினுக்கும் யாருடைய தயிர் டப்பாவுக்கும் நடுவில், ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைத்தார்கள். “ஃப்ரிட்ஜுலதானே இருக்கு, ஒண்ணும் ஆகாது சார்.” நானும் நம்பினேன்.

காலையில் வந்த டியூட்டி டாக்டர் பையைப் பார்த்ததுமே ஏற்ற முடியாது என்றுவிட்டார். ஏதாவது செய்ய முடியுமா என்று வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த டெக்னீஷியன் பெண் பையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அணுக்கள் அடியில் படிந்திருந்தன. மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்க வேண்டுமாம், அது சிவந்து கிடந்தது. “உறைஞ்சு உருகியிருக்குண்ணே. செல் உடைஞ்சிடுச்சு.”

அவர்களுடைய ஃப்ரிட்ஜையும் காட்டினார். 2 முதல் 6 டிகிரிக்குள்தான் நிற்க வேண்டும். வட்டக் காகிதத்தில் ஒரு பேனா இரவு பகலாக வெப்பநிலையைக் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறது. கோடு எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கும். பைக்குள் உப்பு நீர், அடினைன், குளுக்கோஸ், மானிட்டால் கலந்த திரவம் இருக்கிறது. குளிரில் அணுக்கள் மெதுவாகத்தான் சர்க்கரையைச் செலவழிக்கும், அதனால் 42 நாள் வரை தாங்கும். அப்போதும் நாளாக ஆக அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசியும். சூடு ஏறினால் கிருமி பெருகும், உறைந்தால் அணு வெடிக்கும். வெளியே போன பை அரை மணி நேரத்துக்கு மேல் குளிரில்லாமல் இருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

லேபிளைப் பார்த்தேன். ரத்தம் கொடுத்து 11 நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் 31 நாள் இருந்திருக்கும். பி நெகட்டிவ் எவ்வளவு அரிது என்பது தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். முகம் தெரியாத ஒருவர் கொடுத்தது எங்கள் கையில் கெட்டுப்போனது இன்னும் உறுத்துகிறது.

வங்கியில் வேறு பி நெகட்டிவ் இல்லை. அவர்களே ஒரு கொடையாளரை அழைத்தார்கள். வேலைக்கு நடுவில் வந்து கொடுத்துவிட்டுப் போனார், அவருக்கு எப்படி நன்றி சொல்வது! எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, மலேரியா என்று எல்லாப் பரிசோதனையும் முடிந்து பை கைக்கு வர இரவு ஏழு மணி.

இந்த முறை அவசரப்படவில்லை. “ரத்தம் ஏத்த கையில ஊசி போட்டாச்சு, டாக்டர் இருக்காங்க, கொண்டு வாங்க” என்று சிஸ்டர் போனில் சொன்ன பிறகே பையை வாங்கினேன். ஐஸ் பாக்ஸ் எடுத்துப் போயிருந்தேன். ஐஸ் பேக் பையில் நேரே படக் கூடாது, நடுவில் தடுப்பு வேண்டும், அட்டை வைத்துக் கொடுத்தார்கள். ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போடச் சொன்னால் கேட்காதீர்கள், அதிலும் அணுக்கள் உடையும். குளிரிலிருந்து எடுத்த பை நாலு மணி நேரத்துக்குள் ஏறி முடிந்தாக வேண்டும். எங்களுக்கு மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. டிஸ்சார்ஜ் அன்று நடந்ததை எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். தையல் பிரிக்கப் போனபோது பார்த்தேன், வார்டு ஃப்ரிட்ஜ் கதவில் ‘ரத்தப் பை வைக்கக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.