29 வயசில பைலட் படிப்பு, லேட்டா? என்ட அனுபவம்

ஏஎல் முடிச்ச பிள்ளையள் இருக்கிற வீடுகளில என்னைக் கண்டா கேக்கிற முதல் கேள்வி பைலட் ஆக எத்தின வயசில தொடங்கோணும் எண்டுதான். நான் தொடங்கினது 29ல, அதுக்கு முதல் கொள்ளுப்பிட்டியில பாங்க் வேலை, அப்ப சொந்தக்காரர் முக்கால்வாசிப் பேர் வயசு போயிட்டு எண்டுதான் சொன்னவை.

விதியப் பாத்தா, சம்பளமில்லாமச் சொந்தமாப் பறக்கிற பிபிஎல் லைசன்சுக்கு 17, சம்பளத்துக்குப் பறக்கிற சிபிஎல்லுக்கு 18, எயார்லைன் கேப்டனுக்கு வேண்டிய ஏடிபிஎல்லுக்கு 21, இதெல்லாம் குறைஞ்ச வயசு. மேல 65 மட்டும் எயார்லைனில பறக்கலாம். அப்ப 32ல வேலைக்குப் போனாலும் முப்பது வருஷத்துக்கு மேல கிடக்கு, வீட்டில இந்தக் கணக்கைச் சொன்னாப் பிறகுதான் அப்பா இறங்கி வந்தவர்.

காசு கட்ட முதல் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது சம்பளத்துக்குப் பறக்கிற பைலட்டுக்கான உடல் பரிசோதனை, எடுங்கோ, இத நான் எல்லாருக்கும் கெஞ்சிக் கேக்கிறன். ஈசிஜி, ரத்தம், கண், காது எல்லாம் பாப்பினம். காது டெஸ்டுக்கு ஒரு சின்ன ரூமில ஹெட்போன் போட்டு இருத்தி, சத்தம் கேட்டா பட்டனை அமத்தச் சொல்லுவினம், சத்தம் குறைஞ்சு குறைஞ்சு போகப்போக கேக்குதா நானா நினைக்கிறனா எண்டே தெரியாது, உள்ளங்கை எல்லாம் வேர்த்திட்டுது. கண்ணாடி போட்டா பைலட் ஆக ஏலாது எண்டுறது பிழை, கண்ணாடியோட பார்வை சரியா இருந்தாக் காணும், ஆனா நிறப் புள்ளிகளுக்குள்ள இருக்கிற நம்பர் தெரியாட்டி பிரச்சினை.

பிறகு ரத்மலானை எயார்போட்டில பறக்கிற பயிற்சி. சனி ஞாயிறு விடிய வெள்ளவத்தையில பஸ் ஏறினா காலி ரோட்டு நேர ஓடும். ஏப்ரல் மாதிரி மாசங்களில பின்னேரம் இடி மழை எண்டபடியா காலமையே பறந்து முடிச்சிருவம், செஸ்னா எண்ட சின்னப் பயிற்சி விமானம் ரன்வேய விட்டு எழும்பிக் கொஞ்சத்தில கீழ கடல், அந்த நேரம் பாங்கும் இல்ல ஒண்டும் இல்ல.

கஷ்டம் வந்தது வயசால இல்ல, காசால. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 மட்டும் போகேக்க ஒரு மணித்தியாலம் பறக்கிற செலவும் ஏறிட்டுது, கன மாசம் நிப்பாட்டி வச்சன், திரும்பப் போகேக்க லேண்டிங் கை மறந்து, பழகினதையே காசு குடுத்துத் திரும்பப் பழகினன். சேமிப்பு இருந்ததாலதான் தாக்குப் பிடிச்சன், 19ல தொடங்கியிருந்தா அந்தப் பாரம் முழுக்க அப்பாவிலதான் விழுந்திருக்கும். ஒரு இடத்தில முழுக் கோர்ஸ் காசையும் முதலே கட்டச் சொன்னவை, நான் மாட்டன் எண்டு பறக்கப் பறக்கக் கட்டுற இடமாப் பாத்துச் சேர்ந்தன். கையில காசும் மெடிக்கலும் இருந்தா 18லயே போகட்டும், கடன் எடுத்துத்தான் எண்டா முதல் ஒரு டிகிரியோ வேலையோ, எனக்கு இதில ரெண்டாவது யோசனையே இல்ல.

சின்ன வயசில போறவைக்கு ஒரு லாபம் உண்மையாவே இருக்கு. கன எயார்லைனில கேப்டன் ஆகிறது சீனியாரிட்டிப்படி, நாளைக்கு எனக்கு ஒரு நாள் முந்திச் சேருற 22 வயசுத் தம்பி எனக்குக் கடைசி மட்டும் சீனியரா இருப்பான். இப்ப சிபிஎல் கையில, மற்றவைக்குப் பறக்கப் படிப்பிக்கிற இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் செய்யிறன், ஏடிபிஎல்லுக்கு 1500 மணித்தியாலம் பறந்திருக்க வேணும், படிப்பிச்சுப் படிப்பிச்சே சேர்ப்பம் எண்டு இருக்கிறன்.