மெய்ப்புப் பார்க்காத கொப்பி

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாச் சிறப்பு மலருக்குக் கட்டுரை எழுதுவது யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளருக்கு ஆண்டுதோறும் வரும் பரீட்சை. 25 நாள் திருவிழா, நேரம் தவறாத பூசை, மேற்சட்டை கழற்றிவிட்டு உள்ளே போகும் ஆண்கள், 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். இதையெல்லாம் எழுதுகிறவரைவிட வாசகர் நன்றாக அறிவார். 'அலைகடலெனத் திரண்ட அடியவர்கள்' என்று தொடங்கிவிட்டால் ஒரு பக்கம் தானாகவே நிரம்பிவிடும். நிரம்பியதை வாசித்தால் அத்தனையும் போன ஆண்டுச் சொற்கள். அழித்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த வாக்கியம் வராது. எழுத்து முடங்குவது என்றால் எல்லோரும் வெறுந்தாளைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் அது இப்படியும் வரும்.

பகல் முழுவதும் பிறர் எழுதியதை வெட்டித் திருத்துகிறவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சொல் தாளில் விழுமுன்பே மனத்துக்குள் இருக்கும் சிவப்புப் பேனை அதை அடித்துவிடும். இதற்கு வழி சொன்னவர், வேடிக்கையாக, எங்கள் ஒப்புநோக்குநர்தான். "பிள்ளை, கட்டுரையை ஒரு பக்கம் வையும். நேற்று என்ன கண்டீர் என்று ஒரு கொப்பியில் எழுதும். அதை நான் மெய்ப்புப் பார்க்க மாட்டேன்" என்றார். அடுத்த நாளே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

நாட்குறிப்பு என்றதும் மனத்தில் உள்ளதைக் கொட்டச் சொல்கிறார்கள். அது வேறு வேலை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் மாணவர்களை நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வுகளைப் பற்றி எழுதச் செய்தார். உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர் தேடியது உடல்நலம். எனக்கு வேண்டியிருந்தது வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரை.

என் வேலைக்குப் பொருந்திய முன்னோடி ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், சரக்கின் விலை, ஆளுநரைப் பார்க்க வந்தவர் யார், என்ன பேசினார் என்று அன்றைய பேச்சு வழக்கிலேயே எழுதிவைத்தார். அழகாக எழுத வேண்டும் என்ற கவலை அதில் தெரியாது. கண்டதும் கேட்டதும் தப்பக்கூடாது என்ற கவலைதான் தெரியும்.

அந்த வழியில் ஒரு மாலை நான் எழுதியது இது: கச்சான் கடை அம்மா சுண்டுப் பேணியால் அளந்து கொட்டியபின் ஒரு பிடி மேலதிகமாகப் போட்டார். பை பழைய பரீட்சைத் தாளில் ஒட்டியது. உள்ளே கணித விடை. ஏதோ ஒரு பிள்ளை சமன்பாட்டைப் பாதியில் விட்டிருந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை.

இதில் கட்டுரை எதுவும் இல்லை. ஆனால் இரவில் திரும்ப வாசித்தபோது ஒரு கேள்வி எழுந்தது: இந்தப் பைகளை ஒட்டுகிறவர்கள் யார்? மறுநாள் அதைக் கேட்கப் போனேன். கச்சான் வறுக்கிறவர், பை ஒட்டுகிற வீடு, பழைய தாள் வாங்கி விற்கிறவர் என்று கதை தானாக நீண்டது. அடியவர்கள் அலைகடலெனத் திரள வேண்டிய தேவையே வரவில்லை. நாட்குறிப்பு எனக்குச் சொற்களைத் தருவதைவிட, நாற்காலியை விட்டு எழுந்து போகக் காரணம் தருகிறது என்றே சொல்வேன்.

எல்லா எழுத்துக்கும் இது வேண்டியதில்லை. விபத்துச் செய்திக்கும் மாநகர சபைக் கூட்டத்துக்கும் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தால் பக்கம் அச்சுக்குப் போகாது.

இப்போது பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பியிடமும் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். கைபேசியில் எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், அதில் எழுதத் திறந்தால் வேறெல்லாம் திறக்கும். முதல் சில பக்கங்களில் 'இன்று கடும் வெயில்' என்பதைத் தவிர அதிகம் இல்லை. போன வாரம், திருவிழாவுக்காகக் கோயில் வீதியில் மணல் பரப்புவதைப் பற்றி எழுதியிருந்தார். மணல் எங்கிருந்து வருகிறது, விழா முடிந்ததும் எங்கே போகிறது என்று அடியில் ஒரு கேள்வி. விசாரித்து எழுதும்படி சொல்லியிருக்கிறேன். மலரில் அரைப் பக்கம் ஒதுக்கியாயிற்று.