ஊர் சுற்றிய சுரைக்காய்

நேற்று கொலுவுக்குப் போன அம்மா, வெற்றிலை பாக்கு, சுண்டல் பொட்டலத்தோடு ஒரு சுரைக்காயையும் இடுக்கிக்கொண்டு வந்தார். “மருந்தே அடிக்காத காயாம் கண்ணு, வேண்டாம்னாலும் விடல” என்றார்.

சுரைக்காய்க்காரன் வீட்டுக்கே சுரைக்காய்!

இந்த வருஷம் ஆடிப்பட்டத்தில் போட்டதில் கத்தரியைத் தண்டுத்துளைப்பான் பார்த்துக்கொண்டது, வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோய், தக்காளி மழையில் வெடித்தது. சுரை மட்டும் பந்தல் கொள்ளாமல் காய்க்கிறது. தோட்டத்தில் என்ன உண்டோ அதுதான் வாரப் பையில் என்று வாடிக்கை வீடுகளிடம் மாசப் பணம் வாங்கும்போதே சொல்லித்தான் வாங்குகிறோம். ஆனாலும் சனிக்கிழமை பையோடு போய் நின்றால் அம்மாப்பேட்டையில் பாதி வீடு கதவைத் திறப்பதில்லை. பாதி சேலம் கறியை விட்டிருக்கும் புரட்டாசியிலேயே இந்த நிலைமை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், “சுரைக்காயில 96 சதவீதம் தண்ணிதானேப்பா, தண்ணிக்கா காசு வாங்குற?” என்கிறார். அவர் வாங்குகிற தண்ணீர் கேனில் எத்தனை சதவீதமோ.

அம்மா கொண்டுவந்த காயை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நம்ம காய்! எப்படித் தெரியும் என்றால், அதில் எழுதியிருந்தது.

மயில் தொல்லை உங்களுக்குத் தெரியும். முருகன் வாகனம், தேசியப் பறவை, போதாததற்கு 1972 வனவிலங்குச் சட்டம். கல்லெடுத்தால் நாம்தான் கம்பி எண்ண வேண்டும். பழைய சேலை கட்டினோம். தோரணம் என்று நினைத்து நாலு மயில் கூடுதலாக வந்தது. கடைசியில் என் பையன் களத்தில் இறங்கி, பிஞ்சு ஒன்றில் ஊக்கால் “மயிலே திங்காதே” என்று கீறிவிட்டான். பிஞ்சு பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது, அம்மைத் தழும்பு மாதிரி தடித்துக்கொண்டு. காம்புப் பக்கம் பழ ஈ குத்தி, கழுத்து கோணி, “மயிலே” சுருங்கிப் போனது. “திங்காதே” மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பளிச்சென்று நின்றது. விடியற்காலை இருட்டில் வீட்டுக்காரி அதையும் பையில் போட்டிருக்கிறாள்.

அப்புறம் ஃபோன் போட்டு விசாரித்தேன். முதலில் போனது பொன்னம்மாப்பேட்டை வீட்டுக்கு. கசக்கிற சுரைக்காய் விஷம், நுனியைக் கிள்ளி ருசி பார்த்துவிட்டுச் சமையுங்கள் என்று நாங்கள்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம்? அதற்கான எச்சரிக்கை போலிருக்கிறது என்று பயந்து, மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். (விஷம் என்று நினைத்ததை மாடிக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர்.) மாடி வீட்டம்மா அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்காமல், சேலத்திலேயே குகை என்கிற பகுதியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்து விட்டிருக்கிறார்.

சம்பந்தியம்மா பார்த்திருக்கிறார்.

“பொண்ணைக் குடுத்தப்பவே மனசில்லாமத்தான் குடுத்தாங்க. இப்ப காய் குடுத்து, அதுல திங்காதேன்னு எழுதி வேற அனுப்பறாங்க” என்று ஒரே ரகளையாம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. அந்தக் கோபத்தில் காயைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ள, அது அவர்கள் உறவு வழியாகக் கொலு வீட்டுக்கு வந்து, கண்ணாடி போடாத ஒரு மாமி கையால் தாம்பூலத்தோடு எங்கள் அம்மாவிடம் சேர்ந்திருக்கிறது.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தோலில் நகத்தை அழுத்திப் பார்த்து, இறங்கியதும், “இன்னும் இளசுதான்” என்று கூட்டுக்கு நறுக்கிவிட்டார். மயில் அந்தக் காயைக் கடைசிவரைக்கும் தொடவில்லை என்பதில் பையனுக்கு ஏகப்பட்ட பெருமை. அடுத்த பிஞ்சுக்கு ஊக்கு தேடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை நான் குகைக்குப் போய், அது மயிலுக்கு எழுதியது என்று சம்பந்தியம்மாவிடம் விளக்க வேண்டுமாம். மாடி வீட்டம்மா அழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். பெரியவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது என்று அம்மா இப்போதே நல்லதாக இரண்டு சுரைக்காய் எடுத்து வைத்திருக்கிறார்.