எட்டாம் பிரிவில் எங்கே இருக்கிறது?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிடும் லிபர்டேரியன் (அரசின் தலையீடு குறைவாக இருக்க வேண்டும் என்னும்) சாய்வுள்ள வேட்பாளர் "அரசியலமைப்பு வரம்பு" என்று பேசினால், எடுத்துப் பார்க்க வேண்டியது அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் ஷரத்தின் 8-ஆம் பிரிவு. காங்கிரஸின் அதிகாரங்கள் பெரும்பாலும் அங்கே 18 உட்பிரிவுகளாக இருக்கின்றன. மத்திய அரசுக்குத் தராதது மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 10-வது திருத்தம்.

சிக்கல் முழுக்க 3-வது உட்பிரிவில்தான்: மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். ஒஹையோ விவசாயி ரோஸ்கோ ஃபில்பர்னுக்குக் கோதுமை விதைக்க மத்திய அரசு அனுமதித்தது 11.1 ஏக்கர், அவர் விதைத்தது 23. கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (தானிய அளவை), புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117.11 டாலர் அபராதம். சொந்தப் பண்ணைத் தேவைக்குத்தானே என்ற வாதம் 1942-ல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. எல்லோரும் இப்படிச் செய்தால் நாட்டுச் சந்தை பாதிக்கும் என்றார்கள் நீதிபதிகள். இந்த அளவுகோலுக்குள் அடங்காதது எது? என் பார்வையில் வரம்பு உடைந்த இடம் இதுதான். 1995-ல் லோபஸ் வழக்கு, பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்தியச் சட்டத்தை 5-4 என்ற நீதிபதிகள் வாக்கில் ரத்து செய்து கொஞ்சம் கடிவாளம் போட்டது. 2005-ல் ரெய்ச் வழக்கு, வீட்டில் வளர்த்த மருத்துவக் கஞ்சாவையும் மத்திய அரசின் பிடிக்குள் கொண்டுவந்து அதைத் தளர்த்திவிட்டது.

2011 முதல் பிரதிநிதிகள் சபையில் மசோதா கொண்டுவருபவர் எந்த அதிகாரத்தில் கொண்டுவருகிறார் என எழுதித் தர வேண்டும். "முதல் ஷரத்து, 8-ஆம் பிரிவு" என்று மட்டும் எழுதினால் அது வெறும் சடங்கு. உட்பிரிவு எண்ணைக் கேளுங்கள்.

போர் பற்றியும் கேளுங்கள். போர்ப் பிரகடன அதிகாரம் காங்கிரஸுக்கு என்பது 11-வது உட்பிரிவு. 2002-ல் லிபர்டேரியன் சாய்வுள்ள சபை உறுப்பினர் ரான் பால், இராக் மீது முறைப்படி போர்ப் பிரகடனம் செய்யும் தீர்மானத்தைச் சபையின் வெளியுறவுக் குழுவில் வைத்தார், தானே எதிர்த்து வாக்களிப்பேன் என்று சொல்லிக்கொண்டே. குழு அதை நிராகரித்தது.