ஐந்தாம் மாடியில் மண் கலக்க எந்தப் பாத்திரம்?

ரங்கூன் டவுனில் மாடி வீட்டுக்காரர்களுக்கு மண் என்பது காசு கொடுத்து வாங்குகிற சாமான். முன்னால் தார் ரோடு, பின்னால் சாக்கடைச் சந்து. தொட்டியில் நாலு செடி வைக்க ஆசைப்பட்டால், லிஃப்ட் இல்லாத படியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதனால் எடை குறைந்த கலவைதான் எங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டது. தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, ஆற்று மணல் கைப்பிடி கணக்கில். புளிச்சகீரை, மிளகாய், கொத்தமல்லி, ஒரு கறிவேப்பிலைக் கன்று எல்லாம் இதில்தான் நிற்கின்றன. செடி கதை இன்னொரு நாள். இதை எதில் கலப்பது, மிச்சத்தை எதில் போட்டு வைப்பது என்று வீட்டிலிருந்த, சந்தையில் கிடைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு இது.

கலக்க முதலில் எடுத்தது அலுமினியப் பேசின். துணி ஊற வைக்கிற அகலமான பேசின் இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. அகலம் போதும், ஆழமும் கை முட்டிக்கு மேல் போகாது, கிளறச் சுகம்தான். ஆனால் மணல் கலந்ததைக் கரண்டியால் வறட்டு வறட்டென்று சுரண்டினால் அந்தச் சத்தம் கீழ் மாடி வரை இறங்கும். உமிக்கரி காரத்தன்மை உள்ளது. ஈரத்தோடு அலுமினியத்தில் கிடந்தால் பாத்திரம் கறுத்து, நாளடைவில் அரித்துப்போகும். துணிக்கு வேறு பேசின் வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதை அதன் வேலைக்கே திருப்பி அனுப்பினேன்.

அடுத்தது தெர்மாகோல் மீன் பெட்டி. சந்தையில் சும்மாவே கிடைக்கும், இறகு மாதிரி எடை. கலக்க மட்டும் ஆகாது. கரண்டி நுனி பட்ட இடமெல்லாம் வெள்ளை மணி உதிர்ந்து மண்ணோடு சேர்ந்துவிடும், பொறுக்கி மாளாது. அடியில் ஓட்டை போட்டு அதிலேயே புளிச்சகீரை விதைத்தால் பிரமாதமாக வரும். அந்தப் பெட்டிக்கு அதுதான் லாயக்கு.

எனக்குப் பிடித்துப்போனது பாத்திரமே இல்லை. ஒரு தார்ப்பாய்த் துண்டு, இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் இருக்கும். மழைக்குக் கடைக்காரர்கள் கட்டுகிற அதே நீலப் பாய். முன்னறையில் பால்கனிக் கதவோரம் விரித்து, எல்லாவற்றையும் நடுவில் குவித்து, ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்கு இழுத்தால் குவியல் தானாகப் புரளும். அப்புறம் அடுத்த மூலை, அதற்கடுத்தது. நாலு மூலையும் இரண்டு சுற்று வந்தால் கரண்டியே வேண்டாம். கனமான மணல் அடியில் தங்குவதும் இதில் இல்லை, ஏனென்றால் அடி மேலாகவும் மேல் அடியாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. முடிந்ததும் இரண்டு மூலையைச் சேர்த்துத் தூக்கினால் வாளிக்குள் நேராகச் சரியும். கழுவித் துடைத்துச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தலாம். இடமே இல்லாத வீட்டில் இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நார்த்தூளும் கரியும் காய்ந்திருந்தால் முதல் இழுப்பிலேயே வீடு முழுக்கக் கறுப்புத் தூசி. முதலில் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பேன். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தால் அது கலவை இல்லை, சேறு.

நார்த்தூளை ஊற வைப்பதே தனி வேலை. 5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். சாதாரண வாளியில் கால் கட்டி போட்டாலே கொஞ்ச நேரத்தில் விளிம்பைத் தொட்டுவிடும். இதற்கு வாளியை விட அரிசிச் சாக்கு எவ்வளவோ மேல். பின்னல் பிளாஸ்டிக் சாக்கு, 50 கிலோ அரிசி வருமே, அது. கட்டியை உடைத்து உள்ளே போட்டு, குளியலறைக் குழாயில் வாயைக் கட்டித் தொங்கவிட்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினால், டீத்தண்ணீர் நிறத்தில் வடிந்துகொண்டே இருக்கும். நார்த்தூளில் உப்பு இருக்கலாம், அதுவும் இதோடு போய்விடும். வடிகிற தண்ணீர் வெளுத்தால் போதும். தண்ணீர் போகிற ஓட்டையில் ஒரு பழந்துணி வைத்துவிடுங்கள். நார் போய் அடைத்துக்கொண்டால் ஐந்து மாடிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அளவுக்குப் பால் டின். இந்த ஊரில் அரிசி அளப்பதே கட்டிப்பால் டின்னில்தானே, 8 டின் ஒரு ப்யீ என்பது பர்மிய அளவு. கைக்குப் பழகிய அளவு, பங்கு தப்பாது. அம்மா மட்டும் ஒரு நாள் வாசலில் நின்று, "ஏன்டா, அரிசி அளக்கிற டின்னுலயா சாணி அள்ளுற?" என்று கேட்டார். மண்புழு உரம் என்று சொல்லிப் பார்த்தேன். "புழுவா?" என்றார். இப்போது என் டின்னில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. அது சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்பது உத்தரவு.

சரி, வைப்பதற்கு வருவோம். மே நடுவில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாத ஊர் இது. ஜூலை, ஆகஸ்டில் செருப்பிலேயே பூசணம் பூக்கும். அந்த நாட்களில் ஈரமான கலவையை இறுக்க மூடிய டப்பாவில் போட்டால், சில நாளில் மூடியைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். மண்புழு உரத்தில் இருப்பதெல்லாம் உயிர். காற்று அற்றுப்போனால், காற்றில்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் கை ஓங்கிவிடும். அந்த நாற்றம் அவற்றின் வேலை. திறந்து வைத்தாலும் நிம்மதி இல்லை. கொசுவை விடச் சின்னதாய்க் கறுப்பு ஈ ஒன்று ஈர மண்ணைத் தேடி வரும். முட்டையிலிருந்து மறு ஈ வர மூன்று நாலு வாரம் போதும், அப்புறம் டீ கிளாஸ் மேலெல்லாம் அதுதான் பறக்கும். ஆக, மூடினாலும் தொல்லை, திறந்தாலும் தொல்லை.

இதற்கு நான் கண்ட வழி, 20 லிட்டர் பெயிண்ட் வாளியை மூடி இல்லாமல் வைத்து, வாயில் பழைய லோஞ்சித் துணியை, அதாவது இங்கே இடுப்பில் கட்டுகிற கைலியை, போர்த்திக் கட்டுவது. கொசுவலை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்த ஈ அதன் கண்ணில் நுழைந்துவிடும். லோஞ்சி நெருக்கமான நெசவு, காற்று போகும், ஈ போகாது. கட்டுவதற்குச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக்கொண்டேன். கயிறு தளர்ந்துவிடும், டியூப் கவ்விப் பிடிக்கும். வாளியை முக்கால் வரைதான் நிரப்புவேன். ஈரக் கலவை முழு வாளி 12 முதல் 15 கிலோ வரை கனக்கும், தூக்கும்போது கைப்பிடி கழன்று வந்துவிடக்கூடாது. வாளி தண்ணீர்ப் பெயிண்ட் வாளியா என்று பார்த்து வாங்குங்கள். காய்ந்த பெயிண்ட் தோலாக உரிந்து வரும். பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாடை அடிக்கிற வாளி, பூச்சிமருந்து வந்த டிரம் எல்லாம் எவ்வளவு மலிவானாலும் கீரை வைக்கிற மண்ணுக்கு வேண்டாம்.

கலவை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முகத்தை வாளிக்குள் விட்டு மோந்து பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா நுரையீரல் காய்ச்சலைக் கொண்டுவரும். 1989-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் இதைத் தொட்டி மண்ணோடு சேர்த்துக் கண்டுபிடித்தார்கள். அங்கே மண் பையில் எச்சரிக்கையே அச்சடிக்கிறார்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் துணியை அவிழ்த்து, கையால் விசிறிப் பார்த்தாலே வாசம் தெரிந்துவிடும். மழை பெய்த வாசம் என்றால் சரி. கிளறும்போது மூக்கை மூடிக்கொள்ள ஒரு மாஸ்க், கழுவிய பிறகுதான் சாப்பாட்டில் கை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்தபின் கலந்து வைக்கிற பழக்கத்தையே குறைத்துவிட்டேன். எவ்வளவு நல்ல வாளி வைத்தாலும் அது ஒரு சமாளிப்புதான். தேவையானபோது தேவையான அளவு கலந்து, மிச்சம் இருந்தால் மட்டும் அந்த லோஞ்சி வாளி. மற்றபடி சாமான்கள் தனித்தனியாக இருக்கட்டும். அவற்றுக்கு வேண்டிய பாத்திரமும் வேறு வேறு.

நார்த்தூள் காய்ந்த கட்டியாகவே இருந்தால் எத்தனை மாதமும் கெடாது. மூடி இறுகுகிற வாளி போதும். மணலுக்குச் சாக்கு, அதுவும் பால்கனியில் வெயில் படாத பக்கம். வெயில் பட்டால் பின்னல் சாக்கு சில மாதத்தில் நைந்து, தொட்டாலே நீள நீளமாக இழை உதிரும். அது மண்ணில் கலந்தால் எடுக்கவே முடியாது. அப்புறம் மணல் மூட்டையைப் பால்கனிக் கம்பி ஓரத்தில் அடுக்காதீர்கள். பழைய கட்டடம், சுவரோரம்தான் பத்திரம்.

உமிக்கரிதான் பயப்பட வேண்டிய சரக்கு. அரிசி ஆலையிலிருந்து வருகிற கரி மேலே ஆறியிருக்கும், நடுவில் கங்கு கிடக்கும். அதைச் சாக்கிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போட்டு வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. இதற்குத்தான் சமையல் எண்ணெய் வருகிற சதுரத் தகர டின். மழைக்காலத்தில் துருப்பிடிக்கும் என்று வேறெதற்கும் அதை எடுக்கவில்லை, ஆனால் உருகாது, பற்றாது. கரியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஒரு ராத்திரி பால்கனியில் விட்டு, மறுநாள் நடுவில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பது. கறுப்பாக இருக்கிற கரியாகப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் காரம் கூடிவிடும், செடிக்கு ஆகாது.

மண்புழு உரத்துக்கு இருப்பதிலேயே நல்ல இடம் துவாந்தேப் பானை. தெருவோரம் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வைக்கிற அதே மண்பானை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் துவாந்தேயில் செய்வது. சுவர் வழியே ஈரம் மெல்லக் கசிந்து ஆறுவதால் உள்ளே சூடு ஏறாது, உரம் காயவும் இல்லை, அழுகவும் இல்லை. தொட்டால் பானை வயிறு ஜில்லென்று இருக்கும். வாய் குறுகல், கரண்டி போகாது, பால் டின்தான் நுழையும். தரையில் ஈர வட்டம் விழும் என்பதால் அடியில் ஒரு செங்கல் துண்டு. கீழேயிருந்து இதை மட்டும் கயிற்றில் ஏற்றத் துணியவில்லை, கையிலேயே தூக்கி வந்தேன். மற்ற சில்லறைச் சாமானெல்லாம், பேப்பரும் பலகாரமும் ஏறுகிற அதே பால்கனிக் கயிற்றில் ஏறின. தெயின்ஜி சந்தையில் வாங்கிய வாளிகளைக் கயிற்றில் கட்டி அனுப்ப, கீழ் மாடி மமா (பர்மியப் பேச்சில் அக்கா) சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

கடைசியாகப் புண்ணாக்கு. வேப்பம்புண்ணாக்கும் கடலைப்புண்ணாக்கும் கலவையில் முன்கூட்டியே சேர்க்கக் கூடாது. கடலைப்புண்ணாக்கு ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசண விஷம் சாதாரணமானது இல்லை. செடி நடுகிற அன்றைக்குத் தொட்டிக்கு ஒரு பிடி போட்டால் போதும். காய்ந்தே வைக்க வேண்டும், வாசத்துக்கு எலி வரும். பின்சந்து எலிக்குப் பிளாஸ்டிக் வாளியெல்லாம் ஒரு தடையா? விளிம்பைக் கடித்தே வழி பண்ணிவிடும். இதற்கு மட்டும் திருகுமூடி போட்ட கனமான கண்ணாடி ஊறுகாய் ஜாடி. வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று, அதில் இப்போது எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. காலியாகும் வரை புண்ணாக்கு வாங்கவில்லை. காலியானாலும் அம்மா கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.