பனங்கட்டி இருந்த இடம்

திருநெல்வேலி வீட்டுக் குசினியில், என் அம்மா பனங்கட்டிக் குட்டானைச் சுளகின் கீழ் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனதும், நான் அதை எடுத்து உறியில் வைத்து, "அம்மம்மா வந்து எங்கை தேடுவா?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். மூன்று வயதுச் சின்னவள் உறியைக் காட்டினாள். ஐந்து வயது மூத்தவளோ தயங்காமல் சுளகைக் காட்டினாள்.

1983இல் உளவியலாளர்களான ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும், சொக்லேட் இடம் மாறும் கதையொன்றைக் கொண்டு இதையே ஆராய்ந்தார்கள். பிறர் மனத்திலுள்ள தவறான நம்பிக்கை ஏறத்தாழ நான்கு வயதில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது.

வளர்ந்தவர்கள் இதில் முழுமையாகத் தேறிவிடுவதாக நான் நம்பவில்லை. போவாஸ் கெய்சார் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு பொருளை எடுக்கச் சொன்னவர் அறியாதபடி மறைத்து வைத்திருந்த பொருளையே பலர் எடுக்க முயன்றார்கள். அன்று மாலை அம்மா மூக்குப்பேணியைக் கேட்டபோது, அவர் இன்னும் கண்டிராத, நான் புதிதாக வாங்கிவந்த பேணியையே நீட்டினேன்.