எட்டாம் வகுப்பில் அரைமண்டி

ஆறு வயதில் நாட்டியம் கற்க வரும் குழந்தையிடம் "முட்டியை மடக்கி உட்காரும்மா" என்றால் உட்கார்ந்துவிடும். பதிமூன்று வயதுப் பெண்ணிடம் அதையே சொன்னால் முதலில் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள், அப்புறம் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பள்ளியில் பரதநாட்டியம் சொல்லித்தர ஆரம்பித்த முதல் வருஷம், அந்தச் சிரிப்பை ஒழுங்கீனம் என்று நினைத்து நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. வெறும் வெட்கம்தான் அது என்று புரிவதற்குள் பாதி வகுப்பு காலியாகிவிட்டது. 32 பேரோடு தொடங்கி 9 பேரில் வந்து நின்றது.

தப்பு என்னுடையதுதான். என் குரு எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே, வாரம் இரண்டு பீரியடும் காலால் தரையைத் தட்டும் முதல் பயிற்சியான தட்டடவு, தட்டடவு, மறுபடியும் தட்டடவு, அதுவும் சிமெண்ட் தரையில். ஆறு வயதில் எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பத்தாம் வகுப்புப் பையன்கள் எட்டிப் பார்க்கிற ஹாலில், இந்த வயதில் அரைமண்டியில் (முட்டியை விரித்து மடக்கிப் பாதி உட்காரும் நிலை) உட்கார்ந்து "தெய்யா தெய்" என்று தட்டுவது விளையாட்டா என்ன?

அடுத்த வருஷம் யாரையும் எழுப்பவே இல்லை. எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், நான் தாளம் தட்டும் கோலான தட்டுக்கழியும், அது விழும் மனைக்கட்டையுமாக எதிரே. வாயால் மட்டும் சொல்ல வேண்டும். தகிட என்றால் 3, தகதிமி 4, தகதகிட 5, தகிட தகதிமி 7, தகதிமி தகதகிட 9. பாதி வகுப்பு எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடும், மீதி வகுப்பு அதன் மேல் தகதகிடவைச் சொல்லும். எட்டுக்குள் ஐந்து ஐந்தாகச் சொல்லிக்கொண்டே போனால் எங்கே வந்து சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், விழும் என்று கேட்டதும், கணக்குப் பீரியடில் வாயே திறக்காத ஒருத்தி "நாற்பதில், மிஸ்" என்றாள். தாளம் தவறுகிறவர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்தான். ஆனால் அது தாளம் தவறியதற்கான சிரிப்பு, உடம்பைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை. அந்த வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு வாரம் போனதும் உட்கார்ந்தபடியே கால்கள் தானாகத் தட்ட ஆரம்பித்தன. சரி, எழுந்து நில்லுங்கள் என்றேன்.

பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவன், ஆடவே மாட்டேன், கட்டையை மட்டும் என்னிடம் கொடுங்கள் என்றான். கொடுத்தேன். இந்தக் கலையில் தட்டுக்கழி பிடித்த கைகள் பெரும்பாலும் ஆண்களுடையவை. கச்சேரியில் உருப்படிகள் வரும் வரிசையான மார்க்கத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் ராமையா பிள்ளை என்று வரிசையாகச் சொன்னபோது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. இப்போது நாட்டடவு என்ற அடுத்த பயிற்சிக்கு "தெய்யும் தத்தத் தெய்யும் தா" சொல்லி வகுப்பை நடத்துவது அவன்தான். மூன்று வேகங்களில் கடைசியான மூன்றாம் காலத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டிப் பெண்களைப் படுத்துகிறான் என்பது வேறு விஷயம்.

உடம்பு விஷயத்தில் எனக்குக் கண்டிப்பு உண்டு. இந்த வயதில் ஒரே வருஷத்தில் சட்டென்று வளர்ந்துவிடுகிறார்கள். எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் தொடையெல்லாம் இறுகிப்போகிறது. அந்த நேரத்தில் "இன்னும் உட்கார், இன்னும் உட்கார்" என்று அழுத்தினால் முட்டிச் சில்லுக்குக் கீழே வலி வரும். பாதம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன், இடுப்பிலிருந்து தொடை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும், முட்டி பாதத்தின் நேர் மேலே இருந்தால் சரி. முழுதாகக் குந்தி உட்காரும் முழுமண்டி இப்போதைக்குக் கிடையாது. மேடையில் அரைமண்டி உயரமாகத் தெரிகிறதே என்று ஆண்டு விழாவில் சொன்னவர்கள் உண்டு. தெரியட்டும்.

முகத்தாலும் கையாலும் உணர்ச்சி காட்டும் அபிநயத்துக்கு வந்தபோதுதான் நான் பாடம் கற்றேன். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் சொல்கிற ஒற்றைக்கை முத்திரைகள் 28. அவற்றை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், முகம் மட்டும் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கும். தலைவனுக்காக ஏங்கும் நாயகியை இவர்களிடம் கேட்பதும் நியாயமில்லை. அதனால், படிப்பது போல் புத்தகத்துக்குள் கைபேசி பார்க்கிறீர்கள், அம்மா வருகிறார், வசனம் கிடையாது, செய்து காட்டுங்கள் என்றேன். ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். முதலில் காது விறைத்தது போல் தலை ஒரு நூல் திரும்பியது. கண் வாசல் பக்கம் போய் அப்பாவியாக விரிந்தது. அதே நேரம் கை மட்டும் தனியாக, எதுவும் தெரியாதது போல, கைபேசியைத் தொடைக்கு அடியில் தள்ளியது. வகுப்பே கைதட்டியது.

கட்டைக்காரன் மட்டும் கேட்டான்: "மிஸ், கை போகிற இடத்துக்குக் கண் போகணும்னு சுலோகம் சொல்லித்தந்தீங்க. இவள் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போச்சே. தப்புதானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபது வருஷமாகச் சொல்லிவரும் சுலோகம், ஒரு தடவைகூட இப்படி யோசித்ததில்லை. கடைசியில் கண்ணன் வெண்ணெய் திருடுவதை ஆடிப் பார்த்தோம். பானைக்குள் கையை விட்டு, கண்ணையும் பானைக்குள் விட்டால் அவன் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். கண் வாசலில் இருந்தால்தான் திருடுகிறான். "அப்போ பொய் சொல்லும்போது மட்டும் சுலோகத்தை மீறலாமா மிஸ்?" என்றாள் அவள். மீறலாம் என்றேன்.

பத்தாம் வகுப்புக்கு இன்னொன்றும் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. இந்த நாட்டியம் சதிர் என்ற பெயரில் இருந்த காலத்தில் இதை ஆடிய பெண்களை வெட்கப்பட வைத்த சரித்திரம். 1930களில் பெயர் மாறியது, 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தத் தேவதாசிப் பரம்பரையிலிருந்தே வந்து உலகம் முழுக்க ஆடிய பாலசரஸ்வதியின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். "இவங்க பயப்படவே இல்லையே மிஸ்" என்றது பின் வரிசை.

அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு. ஹாலில் மேசை போட்டுவிடுவார்கள். வகுப்பு வராந்தாவில்தான், பத்தாம் வகுப்புப் பையன்கள் போகிற வருகிற வழியில். கேட்டுப் பார்த்தேன், 26 பேரும் வருகிறோம் என்கிறார்கள். கட்டைக்காரனுக்கு மட்டும் ஒரு கவலை, வராந்தாவில் தட்டினால் சத்தம் தேர்வு ஹாலுக்குக் கேட்குமாம். மனைக்கு அடியில் போட வீட்டிலிருந்து பழைய சாக்கு கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான்.